ஆடியில் வந்த தலைதீபாவளி

தீபாவளி ஒவ்வொரு வருஷமும் வருகிறது என்ற உண்மையை பக்தவத்சலம் தம்முடைய ஐம்பத்தெட்டாவது வயதில்தான் கண்டுபிடித்தார். அதுவரை அவர் வீட்டில் தீபாவளி என்பது புயல், வெள்ளம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் இருப்பதை வாரிக்கொண்டு போய்விடும். போன பிறகு தை மாதம் வரை நிவாரணப் பணிகள் நடக்கும்.

இத்தனைக்கும் அவர் புனேயில் மத்திய அரசின் ஒரு கணக்கு அலுவலகத்தில் மூத்த அதிகாரி. அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குண்டூசி வாங்குவதற்குக்கூட முந்தைய வருஷமே எழுதிக் கேட்டிருக்க வேண்டிய இடம் என்று சொன்னால் போதும். அப்படி எழுதிக் கேட்காமல் வந்த கோப்புகளின் மேல் அவர் காலம் காலமாக ஒரே வாசகத்தை எழுதி வந்தார்: 'எதிர்பார்த்திருக்கக்கூடிய இச்செலவினம் ஏன் முன்கூட்டியே திட்டமிடப்படவில்லை?'

2003ஆம் வருஷத் தீபாவளிக்கு அவரே பண்டிகை முன்பணம் கேட்டு விண்ணப்பம் போட வேண்டி வந்தது. விண்ணப்பம் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஸ்வாமிநாதனின் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தது. ஓரத்தில் அதே வாசகம். ஒரு எழுத்துகூட மாறவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் விஷ்ராந்த்வாடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவரால் உட்கார முடியவில்லை. தகுந்த விளக்கம் எழுதிக் கொடுத்து முன்பணம் வாங்குவதற்குள் தீபாவளி முடிந்து, வாசலில் வெடித்த காகிதக் குப்பையை முனிசிபாலிட்டிகூட அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அடுத்து வந்த தையில் மகள் சுப்ரஜாவுக்குக் கல்யாணம் நடந்தது. அவள் பாங்கில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை பிரணவ் கோயம்புத்தூர்க்காரர். புனேயிலேயே கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தார். ஆக, அந்த வருஷம் வரப்போவது சாதாரணத் தீபாவளி அல்ல, தலைதீபாவளி. இந்தத் தடவை பக்தவத்சலம் அதை எதிர்பார்த்தார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி மங்கையர்க்கரசியை ஹாலுக்கு வரச் சொல்லி அழைத்தார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அங்கே எதிர்வீட்டு முகமது ரஃபீக்கும் உட்கார்ந்திருந்தார். ரஃபீக் பாய் வாணியம்பாடிக்காரர், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து ஆட்சேபணை சொல்ல எதுவும் கிடைக்காமல் ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

பக்தவத்சலம் எழுந்து நின்று, தலைதீபாவளிச் செலவினங்கள் இனி முறைப்படி நிர்வகிக்கப்படும் என்று அறிவித்தார். தேவைகளைச் சமர்ப்பிப்பவர் மங்கையர்க்கரசி. ஒப்புதல் அளிப்பவர் பக்தவத்சலம். வீட்டுக்காரி கேட்டு வீட்டுக்காரரே கொடுப்பது உறவினர்ச் சலுகையாகிவிடும் என்பதால் ரஃபீக் பாய் நிதி ஆலோசகர். பண்டிகைக்கென்று பாங்கில் தனிக் கணக்கு திறந்தாயிற்று. ரஃபீக் பாய் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதாமல் அதிலிருந்து எதுவும் வெளியே வராது.

"லக்ஷ்மி ரோடுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா சுப்ரஜா ஒரு புடவை எடுத்துக்குவா. அதுக்கு எதுக்குங்க இவ்வளவும்?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள்.

கடைக்குப் போய், ஒரு பொருளைப் பார்த்து, அது பிடித்துப்போய், உடனே வாங்கிவிடுவதுதான் இந்த நாட்டின் எல்லா நிதிச் சீர்கேடுகளுக்கும் வேர் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ரஃபீக் பாய் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அன்றைக்கே கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்ததாக அவர் வீட்டில் பிறகு சொன்னார்கள்.

முதலில் பட்சணங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. எந்தப் பொருளுக்கும் மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்பது விதி. முறுக்கும் மைசூர்பாகும் வீட்டில் காலம் காலமாக மங்கையர்க்கரசிதான் செய்து வந்தாள் என்பதால் அவளும் ஒரு விலைப்புள்ளி கொடுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது. அவள் கடலைமாவு, சர்க்கரை, நெய் என்று எழுதிக் கொடுத்தாள். ரஃபீக் பாய் அதைத் திருப்பி அனுப்பினார். அடுப்பின் முன் நிற்கும் கூலி எங்கே, காஸ் எங்கே, முறுக்கு அச்சின் தேய்மானம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினாள். அப்படிச் சேர்த்ததும் மூன்றில் அவளுடையதே அதிகமாகிவிட்டது. மங்கையர்க்கரசி தன் சமையலறையில் தோற்றுப்போனாள்.

குறைந்த விலை சொன்னவர் தளேகாவில் தொழிற்சாலை கான்டீன்களுக்குப் பண்டம் போடும் ஒரு கான்டிராக்டர். சரக்கின் தரத்தை நேரில் பார்த்து உறுதிசெய்ய பக்தவத்சலமும் ரஃபீக் பாயும் லோக்கல் ரயில் ஏறிப் பலமுறை தளேகாவ் போய் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் தரம் திருப்தியாக இருந்தது; ஒவ்வொரு முறையும் வரும் வழியில் வடா பாவும் டீயும் திட்டச் செலவில் சேர்ந்தன. ஒரே ஒரு சிக்கல், அந்த ஆள் தொழிற்சாலை அளவுக்குக் குறைந்து எதையும் செய்து தரமாட்டார். விலை குறைவாக இருக்கும்போது அளவு அதிகமாக இருப்பது லாபம்தான் என்று இருவரும் முடிவுசெய்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை.

சுப்ரஜாவுக்கு இது போனில் தெரிந்தபோது, புருஷனிடம் சொன்னால் சிரிப்பார், சிரித்துவிட்டு அப்பாவிடம் பேசி இதை நிறுத்துவார் என்று நம்பினாள். பிரணவ் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். அரசாங்க ஆள் ஒருவர் தீபாவளியை ஒரு பிராஜெக்டாகப் பார்க்கிறார் என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. மறுவாரமே லேப்டாப்போடும், ஆபீஸிலிருந்து கேட்டு வாங்கிய புரொஜெக்டரோடும் விஷ்ராந்த்வாடிக்கு வந்து இறங்கினார்.

ஹால் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் படம் காட்டினார். தீபாவளி என்ற சொல் நடுவில் வட்டத்துக்குள் இருந்தது. அதைச் சுற்றி அம்புகள். எண்ணெய் ஸ்நானம் தாமதமானால் புத்தாடை தாமதமாகும், புத்தாடை தாமதமானால் பட்டாசு தாமதமாகும் என்று அம்புகள் சொல்லின. மழை, மின்வெட்டு, மாமனார் மாமியார் மனஸ்தாபம் ஆகியவை சிவப்புக் கட்டங்களில் இருந்தன. பக்தவத்சலம் தம் உத்தியோக வாழ்க்கையில் தம்மைவிடப் பெரிய வார்த்தைகள் பேசும் ஒருவரை அன்றுதான் சந்தித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, எங்க கம்பெனியில எதையும் நேரா களத்துல இறக்கமாட்டோம். முதல்ல ஒரு பைலட் போடுவோம். சின்ன அளவுல ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டா குறையெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிரும்" என்றார் பிரணவ்.

"வெள்ளோட்டம்" என்றார் பக்தவத்சலம், பரவசமாக.

ஆடி மாதத்துக்குச் சுப்ரஜா எப்படியும் பிறந்த வீட்டுக்கு வந்திருப்பாள் என்பதால் வெள்ளோட்டத் தீபாவளி ஆடியில் வைக்கப்பட்டது. பழைய துணியைப் புதுத்துணியாக பாவித்துச் சோதித்தால் முடிவு தவறாக வரும் என்று பிரணவ் சொன்னதால் எல்லோருக்கும் நிஜமாகவே புதுத்துணி எடுக்கப்பட்டது. சுப்ரஜாவுக்கு எடுத்த பட்டுப்புடவை மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்தது. சாம்பலுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். மாப்பிள்ளை மோதிரமும் குறைந்த விலைப்புள்ளிதான். அது பிரணவின் சுண்டுவிரலுக்கு மட்டும் சேர்ந்தது.

அவர் வீடு இருந்த எங்கள் குடியிருப்பு சொஸைட்டிக்கு அந்த விடியற்காலை மறக்காது. கொட்டுகிற மழையில் பக்தவத்சலம் வீட்டு வாசலில் போட்ட கோலம் கரைந்தது, மறுபடி போட்டதும் கரைந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே பிரணவ் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஊறிப்போன சரவெடி நெடுநேரம் புகைந்து, எல்லோரும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தபோது வெடித்தது. சத்தம் கேட்டு போலீஸ் சௌக்கியிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் ரெயின்கோட்டோடு வந்து என்ன நடக்கிறது என்று மராத்தியில் கேட்டார். பிரணவ் பைலட் என்று ஆரம்பித்தார். லோகேகாவ் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. கான்ஸ்டபிள் உடனே ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

தளேகாவிலிருந்து டெம்போவில் வந்த மைசூர்பாகை சொஸைட்டியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். எங்களுக்கும் வந்தது. ஆவணி முடியும் வரை வந்துகொண்டே இருந்தது. மாடிவீட்டு மராத்திக்கார அம்மாள், தமிழர்களுக்கு ஆடியில் தீபாவளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாவம், அவசர அவசரமாக அவல் சிவ்டாவும் முறுக்கு மாதிரி சக்லியும் செய்து கொண்டுவந்து கொடுத்தாள்.

கான்டிராக்டருக்குப் பணம் கொடுக்கப் பணிநிறைவுச் சான்றிதழ் வேண்டும் என்று ரஃபீக் பாய் சொல்லிவிட்டார். 'தலைதீபாவளி திருப்திகரமாக நடந்தேறியது' என்று பக்தவத்சலம் எழுத, பயனாளிகள் என்ற இடத்தில் சுப்ரஜாவும் பிரணவும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு குறைகளை ஆராய்ந்தார்கள். மழை ஒரு முக்கியமான குறையாகத் தெரிந்தது. ஆனால் ஐப்பசியில் புனேயில் மழை இருக்காது. ஆகவே ஆடியில் கிடைத்த முடிவுகள் ஐப்பசிக்குப் பொருந்தாது என்றும், கணபதியைக் கரைக்கும் விசர்ஜன் முடிந்த கையோடு இரண்டாவது வெள்ளோட்டம் அவசியம் என்றும் பிரணவ் சொன்னார். இதற்குள் முதல் வெள்ளோட்டத்தில் கட்டிய துணிகள் பழசாகிவிட்டிருந்தன. புரட்டாசியில் மறுபடி புதுத்துணி, மறுபடி டெம்போ. இந்தத் தடவை எல்லாம் கனகச்சிதமாக நடந்தது. சரவெடிகூடப் பிரணவின் அம்புகள் சொன்ன நேரத்துக்கு வெடித்தது.

ஐப்பசி பிறந்தபோது பண்டிகைக் கணக்கில் எதுவும் இல்லை.

பக்தவத்சலம் பாங்கிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து பாஸ்புக்கைப் புரட்டினார். பிரணவின் அப்பா அம்மா வேறு கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து, தலைதீபாவளிக்குப் பிள்ளைகள் எப்போது பெண் வீட்டுக்குப் போகிறார்கள் என்று விசாரித்திருந்தார்கள். அன்று சுப்ரஜா வேலை முடிந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். அவள் அப்பாவிடம் சண்டை போடவில்லை. சமையலறையில் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"இத்தனை மாசமா எல்லாத்தையும் யோசிச்சீங்க. எனக்கு என்ன கலர் பிடிக்கும்னு ஒருத்தர்கூடக் கேக்கலையேம்மா."

மங்கையர்க்கரசி அடுப்பை அணைத்தாள். ஹாலில் பக்தவத்சலத்துக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி அவர் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார்.

ரஃபீக் பாய் கோப்பைப் புரட்டினார். இரண்டு நாள் அவகாசம் கேட்டார். பிறகு, ஓய்வு பெற்ற பிறகு தாம் கண்டுபிடித்த மிகச் சிறந்த விஷயத்தோடு வந்தார்.

"சார், நீங்க எதுக்குக் கவலைப்படுறீங்க? தலைதீபாவளி ஆடியிலேயே நடந்து முடிஞ்சிடுச்சு. பயனாளிகள் கையெழுத்து இருக்கு. அதே காரியத்துக்கு இன்னொரு தடவை செலவு பண்ணினா அது இரட்டைச் செலவு. நான் ஆட்சேபிப்பேன்."

பக்தவத்சலம் சான்றிதழை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் அந்தக் கவலை இல்லை. வரப்போகும் தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் எதுவும் செய்யவேண்டியதில்லை. பண்டிகைக் காலச் செலவைக் கட்டுப்படுத்துவதுதானே திட்டம்? பண்டிகைக் காலத்தில் செலவே இல்லை. அவர் அலுவலகத்தில் எந்தத் திட்டமும் இவ்வளவு முழுமையாக வெற்றி பெற்றதில்லை. பிரணவுக்குப் போன் செய்தார். பிரணவ் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சூப்பர் மாமா, பிஃபோர் ஷெட்யூல்" என்றார். கோயம்புத்தூருக்கும் தாமே விளக்கிச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அங்கே என்ன சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் அதன் பிறகு கோயம்புத்தூரிலிருந்து கொஞ்ச நாளைக்குப் போன் வரவில்லை.

ஐப்பசித் தீபாவளி விடிந்தது. ஊரெல்லாம் வெடிச் சத்தம். மங்கையர்க்கரசி இருட்டிலேயே எழுந்து, எண்ணெய் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதை ஒரு பையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். எங்கே என்று பக்தவத்சலம் கேட்டார். கராடிக்கு, மகள் வீட்டுக்கு என்றாள். ஆட்டோ செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்று அவர் கேட்டார். அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவர் குளித்து, ஆடியில் எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். திட்டத்தின் இறுதி அறிக்கையை எழுத ஆரம்பித்தார். 'செலவினம்: இல்லை' என்று எழுதியதும் மேலே எழுத ஒன்றும் இருக்கவில்லை. மாடிவீட்டு அம்மாள் இந்தத் தடவை எதுவும் கொண்டுவரவில்லை. தமிழர்களுக்கு இரண்டு தீபாவளி முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். காலிப் பாத்திரங்கள் கவிழ்த்து வைத்த சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பேச்சுத்துணைக்கு ரஃபீக் பாயைக் கூப்பிட்டார். அது ரம்ஜான் மாதம்; பாய் நோன்பில் இருந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர் வீட்டில் பெருநாளுக்குத் திட்டம் எப்படி என்று பக்தவத்சலம் விசாரித்தார்.

"அது பிறை தெரிஞ்சாத்தான் சார் பெருநாள். என்னைக்குன்னே தெரியாத ஒண்ணுக்கு எப்படித் திட்டம் போடுறது?" என்றார் ரஃபீக் பாய். துணிமணியெல்லாம் அவர் மனைவி என்றைக்கோ எடுத்துவிட்டாளாம். அவருக்குத் தெரியாதாம். கேட்கவும் இல்லையாம்.

இருவரும் கொஞ்ச நேரம் வாசலில் மற்றவர்கள் விட்ட வாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு வைத்த பிறகு மங்கையர்க்கரசி திரும்பி வந்தாள். மகள் தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றிவிட்டு, இருவரும் லக்ஷ்மி ரோடு போயிருக்கிறார்கள். சுப்ரஜா தன் சம்பளத்தில் தனக்கு ஒரு கிளிப்பச்சைப் புடவையும் அம்மாவுக்கு ஒரு அரக்குப் புடவையும் எடுத்திருக்கிறாள். பார்த்து, பிடித்துப்போய், உடனே வாங்கியிருக்கிறார்கள். கடையிலேயே மங்கையர்க்கரசி புடவையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பக்தவத்சலம் வாயைத் திறந்தார். என்ன கேட்க நினைத்தாரோ, கேட்கவில்லை.

"நல்லா இருக்கு" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டியதே இல்லை. ஆனால் 'செலவினம்: இல்லை' என்ற செய்தி சொஸைட்டியில் பரவிவிட்டது. தீபாவளி முடிந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அது தேன் மாதிரி இருந்தது. எப்படி, எப்படி என்று அவர் வீட்டு வாசலில் ஆள் நின்றது. 2005ஆம் வருஷம் மொத்த சொஸைட்டியும் ஆடியில் வெள்ளோட்டம் நடத்தியது. விஷ்ராந்த்வாடிக் கடைக்காரர்கள் ஒன்றும் அசடுகள் இல்லை. ஆனி கடைசியிலேயே துணி விலையை ஏற்றினார்கள், 'முன்தீபாவளி' என்று பலகையும் எழுதி மாட்டினார்கள். ஐப்பசி வந்தபோது, நடந்து முடிந்துவிட்டது என்று சான்றிதழைக் காட்டினால் குழந்தைகள் நம்பவில்லை. வெடி கேட்டு அழுதார்கள். அதையும் வாங்கினோம். ஆக, வீட்டுக்கு இரண்டு தீபாவளி ஆயிற்று. ஆடித் தீபாவளியின் செலவு கைமீறிப் போவதால் அதற்கு மாசியில் ஒரு வெள்ளோட்டம் தேவை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது.

அப்போதுதான் மங்கையர்க்கரசி எழுந்தாள். அதுவரை அவள் கூட்டத்தில் பேசியதே இல்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? தீபாவளியைத் தீபாவளி அன்னிக்கே கொண்டாடினா என்ன?"

இப்படி ஒரு கோணம் இருப்பது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்புறம் ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்து, எல்லோரும் தட்டினோம். புரட்சிகரமான யோசனை என்று, ஆலோசகராக வந்திருந்த பிரணவ் சொன்னார். உடனடியாக அமல்படுத்த முடியாது என்றாலும் சாத்தியக்கூறுகளை ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்று பக்தவத்சலம் முன்மொழிந்தார். ரஃபீக் பாய் ஆட்சேபணை இல்லை என்றார். கைதூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன்.

குழுவுக்கு மங்கையர்க்கரசியே தலைவி. வேண்டாம் வேண்டாம் என்றவளை நாங்கள்தான் வற்புறுத்தி மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்தோம். முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தோம். அவள் கொஞ்ச நேரம் அந்த மேஜையை, அதன் மேலிருந்த மணியை, எதிரே உட்கார்ந்திருந்த எங்களை எல்லாம் பார்த்தாள். மணியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல, தீபாவளின்னா என்னங்கிறதுக்கு ஒரு தெளிவான வரையறை வேணும்" என்றாள்.